கிண்ணம் கடைய இலவசப் பச்சை மரம்: எதை எடுப்பது, எப்படிக் காய வைப்பது

மரக்கிண்ணம் கடையத் தொடங்கும் எவரும் சில வாரங்களிலேயே ஒரு தட்டுப்பாட்டைச் சந்திக்கிறார்கள். அறுத்துக் காய வைத்து விற்கப்படும் பலகைகளின் கனம் பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது; உருப்படியான ஒரு கிண்ணத்துக்கோ 8 முதல் 12 செ.மீ. வரை கனம் வேண்டும். அந்தக் கனத்தில் உள்ளே வரை காய்ந்த மரம் அரிதாகவே கிடைக்கும், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். அதனால்தான் கடைசல் பழகுபவர்கள், காற்றில் சாய்ந்த மரத்தையும் கழித்துப் போட்ட கிளையையும் விறகுக்கு ஒதுக்கிய கட்டையையும் தேடிப் போகிறார்கள். பச்சை மரம் உளிக்கு இணங்கிக் கொடுக்கிறது. சீவல் நீண்ட நாடாவாகச் சுருண்டு விழுகிறது. தூசி ஏறக்குறைய இல்லை. காசும் இல்லை. ஆனால் அது காயும்போது என்ன செய்யும் என்பதுதான் சிக்கல்.

இங்கே எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. மரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது ஒன்று, அதை எப்படிக் காய வைப்பது என்பது மற்றொன்று. பெரும்பாலோர் முதலில் மரத்தைக் கொண்டுவந்து குவித்துவிட்டு, பிறகு காய வைக்கும் வழியை யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாளம் பாளமாக வெடித்த கட்டைகளை விறகாக்கிய பிறகே வரிசையை மாற்றிக்கொண்டேன். காய வைக்கும் வழியை முடிவு செய்துவிட்டால், எந்த மரத்தை எடுக்கலாம், எத்தனை கட்டை எடுக்கலாம், எவ்வளவு நாளுக்குள் அதைத் தொட வேண்டும் ஆகிய மூன்றும் தாமாகவே தெளிவாகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், மரம் ஏன் வெடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: மர உயிரணுக்களின் உட்கூட்டில் தேங்கி நிற்பது ஒன்று, உயிரணுச் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருப்பது இன்னொன்று. முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அது போகும்வரை மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு மாறாது. உலர்ந்த மரத்தின் எடையைக் கொண்டு கணக்கிடும் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பின்னரே சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. பச்சை நிலையிலிருந்து முழு உலர்வு வரை, பொதுவான அகன்ற இலை மரங்கள் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் சுமார் 4 சதவீதமும் சுருங்குகின்றன. நீளவாக்கில் சுருக்கம் 0.1 அல்லது 0.2 சதவீதம் மட்டுமே.

இந்த இரண்டு மடங்கு வித்தியாசம்தான் எல்லா வெடிப்புக்கும் வேர். 30 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டைக் கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. ஆரம் 4 சதவீதம் சுருங்கினால் வெளி வளையம் 90 செ.மீ. நீளத்தில் நிற்க வேண்டும். ஆனால் அந்த வளையம் தன் போக்கில் 8 சதவீதம் சுருங்கி 86 செ.மீ. அளவுக்கு வரப் பார்க்கிறது. குறையும் அந்த 4 செ.மீ.க்கு மரம் எங்கே போகும்? எங்காவது ஓரிடத்தில் ஆப்பு வடிவத்தில் வாயைத் திறந்துகொள்ளும், அல்லது பல இடங்களில் சிறு சிறு வெடிப்புகளாகப் பங்கிட்டுக்கொள்ளும். நட்டநடுவில் நெட்டியோடு, அதாவது தண்டின் மையத்தில் ஓடும் மென்மையான பகுதியோடு, முழு உருண்டையாக விடப்பட்ட கட்டை வெடிக்காமல் தப்புவது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். நெட்டியை ஒட்டி இரண்டாகப் பிளந்துவிட்டாலோ, மரம் கேட்ட அந்த ஆப்பை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். தட்டையாக வெட்டிய முகம் காயக் காயச் சற்றே கூரைபோல் குவியும், அவ்வளவுதான்.

வேகமும் ஒரு காரணம். வெட்டுமுகத்தின் வழியாக, அதாவது நார்கள் வாய் திறந்து நிற்கும் பக்கத்தின் வழியாக, பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரம் வெளியேறுகிறது. மேற்பரப்பு 30 சதவீதத்துக்குக் கீழே போய்ச் சுருங்கப் பார்க்கும் வேளையில் உட்புறம் இன்னும் ஈரத்தில் பருத்தே நிற்கிறது. உள்ளே இருப்பது விட்டுக்கொடுக்காததால் வெளியே இருப்பது கிழிகிறது. ஆகவே நல்ல வழி எதுவானாலும் அது இரண்டு வேலைகளில் ஒன்றையாவது செய்தாக வேண்டும்: உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான ஈர வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மரம் தடையின்றி வளைந்துகொள்ளும் அளவுக்கு அதை மெல்லியதாக்க வேண்டும்.

கட்டையாகவே காய வைப்பது

மிக எளிதாகத் தோன்றுவதும் மிக அதிகமாக ஏமாற்றுவதும் இந்த வழிதான். கட்டையை வெட்டி, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கிவிட்டு, காய்ந்த பிறகு ஒரே தடவையில் கடைந்து முடித்துவிடலாம் என்பது எண்ணம். பலகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு. அது தோராயமான கணக்கே என்றாலும், 10 செ.மீ. கனமுள்ள கிண்ணக் கட்டைக்கு நான்கு ஆண்டுகள் என்று வருகிறது; நடுப்பகுதி அதற்குள் காய்ந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. அந்த ஆண்டுகளில் உளு புகும். குறிப்பாக, பட்டையை ஒட்டிய, மாவுச்சத்து மிகுந்த வெளிமரத்தை வண்டுகள் தேடி வந்து துளைக்கும். முனைகளில் ஓடும் வெடிப்பை வெட்டி எறிந்தால் விட்டம் குறையும். எல்லாம் தாண்டி வந்த காய்ந்த கட்டையைக் கடையும்போது உளி அடிக்கடி மழுங்கும், அறை முழுவதும் தூசி பறக்கும்.

இந்த வழியை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. மூடிபோட்ட சிறு பெட்டிகள், கைப்பிடிகள், 6 செ.மீ.க்கு உட்பட்ட சிறு துண்டுகள் ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் அங்கே அளவு பிறகு மாறக் கூடாது. 20 செ.மீ.க்கு மேற்பட்ட கிண்ணங்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே தடவையில் மெல்லியதாகக் கடைந்து முடிப்பது

இதற்கு நேரெதிரான வழி, பச்சையாக இருக்கும்போதே இறுதிக் கனத்துக்குக் கடைந்துவிட்டு, அது எப்படி வளைய விரும்புகிறதோ அப்படி வளைய விடுவது. 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள சுவர் சில நாட்களிலேயே காய்ந்துவிடும். மெல்லிய சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால் வெடிப்பு குறைவு. வட்டமாகக் கடைந்த வாய் நீள்வட்டமாகும். நார் ஓடும் திசையில் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்க, குறுக்குத் திசையில் ஒடுங்கும். விளிம்பு ஒரே மட்டத்தில் நில்லாமல் மெல்ல ஏறி இறங்கும். இதைக் குறையாகப் பார்ப்பவர்களுக்கு இந்த வழி ஆகாது. எனக்கு, மரம் தானாக எடுத்துக்கொண்ட அந்த வடிவம், லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நான் திட்டமிட்ட வடிவத்தைவிடப் பல தடவை அழகாகவே வந்திருக்கிறது.

ஆனால் இதற்குக் கைத்திறன் கூடுதலாக வேண்டும். சுவர் முழுவதும் கனம் ஒன்றுபோல் இருப்பது கட்டாயம். விளிம்பில் 5 மி.மீ., அடியில் 15 மி.மீ. என்று விட்டால், விளிம்பு காய்ந்து சுருங்கும்போது அடி இன்னும் ஈரமாக இருக்கும். வெடிப்பு அந்த எல்லையில்தான் ஓடும். மேலும், மெல்லிய பச்சைச் சுவர் லேத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே காய்ந்து கோணத் தொடங்கிவிடும். எனவே உட்புறத்தைப் படிப்படியாகக் கீழிறங்கிக் கடைய வேண்டும்: விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று செ.மீ. ஆழம் வரை இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு அடுத்த பட்டைக்கு இறங்க வேண்டும். அடியை முடித்த பின் விளிம்பில் ஒரு சிறு குறை கண்ணில் பட்டு, அதைச் சரிசெய்ய உளியைத் திரும்ப அங்கே கொண்டுபோனால், அதற்குள் வட்டம் தவறிய விளிம்பு உளியில் தட்டித் தட்டிச் சிதறும். ஒரு கிண்ணத்தை இப்படி இழந்த பிறகு, விளிம்புக்குத் திரும்புவதில்லை என்று கையே பழகிக்கொள்ளும். தொடங்கினால் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். இடையில் எழுந்து போக நேர்ந்தால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியும் பிளாஸ்டிக் உறையும் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும். உப்புத்தாள் ஈரமரத்தில் உடனே அடைத்துக்கொள்ளும் என்பதால், தேய்ப்பு வேலையைச் சில நாள் கழித்துக் கையால் செய்ய நேரும்.

இருமுறை கடைவது

பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இதுதான் என்பது என் முடிவு. பச்சை மரத்தைத் தடித்த சுவரோடு கிண்ண வடிவில் முதலில் கடைந்து, அந்த வடிவிலேயே காய வைத்து, வளைந்து முடித்த பின் மீண்டும் லேத்தில் ஏற்றி வட்டமாக்கி இறுதி வடிவம் கொடுப்பது. உட்புறம் ஏற்கெனவே குடைந்து எடுக்கப்பட்டிருப்பதால், நாலாண்டு கேட்ட அதே கட்டை சில மாதங்களில் காய்கிறது.

சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. இந்தப் பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. 30 செ.மீ. கிண்ணத்தை வீட்டுக்குள் இயல்பாக நிற்கும் 10 சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால், முழுச் சுருக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு நடந்திருக்கும். அதாவது குறுக்குத் திசையில் சுமார் 5.3 சதவீதம், அளவில் 1.6 செ.மீ. வெளி விட்டம் நார் ஓடும் திசையில் 30 செ.மீ. ஆகவும், குறுக்கே 28.4 செ.மீ. ஆகவும் நிற்கும். மீண்டும் வட்டமாக்கும்போது வெளியே குறுகிய அளவுக்குள்தான் கடைய முடியும், ஆரம் 14.2 செ.மீ. உள்ளேயோ நீண்ட அளவையும் தாண்டிச் சுரண்டியாக வேண்டும். சுவர் 3 செ.மீ. என்றால் உள் ஆரம் 12 செ.மீ.; இடையே 2.2 செ.மீ. மரம் தாராளமாக மிஞ்சுகிறது. சுவரை 1.5 செ.மீ. என்று விட்டிருந்தால் உள் ஆரம் 13.5 செ.மீ.; மிஞ்சுவது வெறும் 7 மி.மீ., அதுவும் கிண்ணம் முறுக்கிக்கொள்ளாமல் சீராக ஒடுங்கியிருந்தால். அதற்காகச் சுவரை 4, 5 செ.மீ. என்று பயந்து தடிக்க விட்டால், கட்டையாகக் காய வைத்த அதே சங்கடம் திரும்ப வந்து சேரும்.

வடிவமும் முக்கியம். சுவர் அடியோடு சேரும் இடத்தில் கூர்மையான மடிப்பு இருக்கக் கூடாது. வளைவு ஒரே ஓட்டமாக இறங்க வேண்டும். சக், அதாவது கிண்ணத்தை லேத்தில் பிடித்துச் சுழற்றும் கவ்வி, கவ்விப்பிடிக்கும் அடிக்குமிழையும் சற்றுப் பெரிதாகவே விட வேண்டும், ஏனென்றால் அதுவும் நீள்வட்டமாகச் சுருங்கும். மறுபடி ஏற்றும்போது அதை முதலில் வட்டமாக்கினால்தான் சக் சரியாகப் பிடிக்கும். தடித்த அந்தக் குமிழின் நடுவில் நெட்டி வந்துவிட்டால் மற்ற எல்லாப் பாடும் வீண்.

கடைந்ததைக் காய வைக்கும் முறையில் பலருக்குப் பல பழக்கம். வெட்டுமுகம் வெளியே தெரியும் இரு பக்கங்களிலும் விளிம்பிலும் மெழுகுக் குழம்பு பூசலாம், அல்லது கிண்ணம் முழுவதும் பூசலாம். தடித்த காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வைக்கலாம். அதே மரத்தின் சீவலைப் பைக்குள் நிரப்பலாம். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கிண்ணத்தைச் சுற்றியுள்ள காற்றைக் கொஞ்ச காலம் ஈரமாகவே வைத்து, வேகத்தைக் குறைக்கின்றன. காற்று வறண்ட இடமானால் பையும் சீவலும் தேவை. காற்று ஈரமான இடத்தில் சீவலை நிரப்பினால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து, வெளிறிய மரத்தில் நீலக்கறை ஓடிவிடும். அங்கே வெறும் பையே போதும், அதையும் முதல் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்து மறந்துபோவது மட்டும் எங்கும் ஆகாது.

எப்போது காய்ந்தது என்று சொல்லத் தராசு போதும். ஈரமானி தடித்த, வளைந்த பரப்பில் தடுமாறும். 60 சதவீத ஈரத்தில் 1600 கிராம் எடையுள்ள கிண்ணத்தில் உலர்ந்த மரம் 1000 கிராம்; 10 சதவீதத்துக்கு வரும்போது அதன் எடை 1100 கிராம். அதாவது அரை லிட்டர் நீர் அந்தக் காகிதப் பை வழியாக வெளியேறியிருக்கிறது. முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும், மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து மாறாமல் நின்றால், அந்த இடத்துக்கு உரிய ஈரத்தை அது அடைந்துவிட்டது. அந்த உரிய ஈரமும் எங்கும் ஒன்றல்ல: காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமான அறையில் மரம் சுமார் 9 சதவீதத்திலும், 65 சதவீதமான அறையில் சுமார் 12 சதவீதத்திலும், 80 சதவீதமான அறையில் சுமார் 16 சதவீதத்திலும் நிலைகொள்ளும். ஈரமான கொட்டகையில் நிலைகொண்ட கிண்ணத்தை மறுபடி கடைந்து வறண்ட அறைக்குக் கொண்டுபோனால், அது இன்னும் கொஞ்சம் வளையும். ஆகவே கடைசிச் சில வாரங்களை அது புழங்கப்போகும் அறையிலேயே கழிக்க விடுவது நல்லது.

இந்த வழியின் உண்மையான குறை, இடமும் பொறுமையும்தான். ஆறு மாதம் காயும் கிண்ணங்கள் அலமாரியை நிறைத்துவிடும், முதல் ஆண்டு கையில் முடிந்த பொருள் ஒன்றும் இராது. இரண்டாம் ஆண்டிலிருந்து எப்போதும் ஏதாவது ஒன்று காய்ந்து தயாராக இருக்கும்.

விரைவு வழிகள்

காத்திருக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த வழிகளில் நான் மதிப்பது, கொதிக்க வைப்பதை. முதற்கடைசல் முடிந்த கிண்ணத்தை நீரில் முழுவதும் அமிழ்த்தி, சுவரின் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் கொதிக்க வைத்து, ஆற விட்டு, பிறகு காகிதத்தில் சுற்றிக் காய வைப்பார்கள். சூடேறிய ஈரமரம் நெகிழ்கிறது, வளரும்போது உள்ளே சேர்ந்த இறுக்கம் ஓரளவு தளர்கிறது. எளிதில் வெடிக்கும் பழமரங்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. 30 செ.மீ. கிண்ணம் மூழ்கும் பாத்திரமும் அதைச் சூடாக்கும் எரிபொருளும் வேண்டும் என்பதும், சில மரங்களின் நிறம் நீரில் இறங்கி மங்கிவிடும் என்பதும் இதன் விலை.

சாராய வகைக் கரைப்பானில் ஒரு நாள் ஊற வைத்து, வெளிப்புறத்தை மட்டும் காகிதத்தால் சுற்றி உட்புறத்தைத் திறந்து விடும் முறைக்கு ஆதரவாளர்கள் அதிகம். சில வாரங்களிலேயே காய்ந்துவிடுகிறது என்கிறார்கள். கரைப்பானைவிட அந்தச் சுற்றும் முறையே அதிக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். உட்புறம் முதலில் சுருங்க, வெளிப்புறம் இழுபடாமல் தப்புகிறது. இதற்குக் கரைப்பான் தேவையே இல்லை. எளிதில் தீப்பற்றும் திரவத்தை வாளிக்கணக்கில், மரச்சீவலுக்கு நடுவில் வைத்திருக்க நான் துணிய மாட்டேன்.

மைக்ரோவேவ் அடுப்பு, அதற்குள் நுழையும் சிறு கிண்ணங்களுக்கு மட்டும். குறைந்த வெப்பத்தில் ஓரிரு நிமிடம் வைத்து, எடுத்து முழுவதும் ஆற விட்டு, எடை பார்த்து, மீண்டும் வைத்து என்று பல சுற்று போக வேண்டும். அவசரப்பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கருகும், அல்லது ஆவி சுவரைப் பிளக்கும். சமைக்கும் அடுப்பில் இதைச் செய்தால் வாசனை நெடுநாள் போகாது.

பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும், நீரில் கரையும் மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலில் வாரக்கணக்கில் ஊற வைப்பது வேறு வகை: அது நீரை வெளியேற்றுவதற்குப் பதில் உயிரணுச் சுவரில் தானே போய் அமர்ந்து, சுருங்க விடாமல் தாங்குகிறது. 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட சுவீடன் நாட்டு வாசா கப்பலின் மரத்தை 17 ஆண்டுகள் அந்தக் கரைசலைத் தெளித்தே காப்பாற்றினார்கள். கிண்ணத்துக்கு இது தேவைக்கு மிஞ்சிய பாடு. மரம் பிசுபிசுப்பாகிவிடும், மேற்பூச்சும் சரியாக ஒட்டாது.

மரத்தை எங்கே, எந்த அளவுக்கு எடுப்பது

வழி முடிவானதும், எந்த இடத்து மரம் என்ற கேள்விக்கு விடை எளிதாகிறது. ஒரே தடவையில் முடிப்பதானாலும் இருமுறை கடைவதானாலும் மரம் உண்மையிலேயே பச்சையாக இருக்க வேண்டும். ஆகவே எந்த இனம் என்பதற்கு முன்பே கேட்க வேண்டியது, எப்போது வெட்டியது என்பது. இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் தருபவர்கள் மரம் வெட்டும் தொழிலாளர்கள். இன்று காலை சாய்த்த மரம் கண்ணெதிரே கிடக்கும். ஏற்றிச் செல்லும் சுமையில் கொஞ்சம் குறைவதால் அவர்களும் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். அவர்கள் தங்கள் வசதிக்கேற்பக் குட்டையாக வெட்டிவிடுவதுதான் சங்கடம். கட்டையின் நீளம் விட்டத்தைவிடச் சில செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் என்றும், முடிந்தால் நீளமாகவே விடும்படியும் முன்கூட்டிச் சொல்லி வைப்பது பயன் தரும்.

தெருவோரத்து மரத்திலும் வீட்டுத் தோட்டத்து மரத்திலும் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். விளம்பரப் பலகைக்கும் கொடிக்கயிற்றுக்கும் அடித்த ஆணியை மரம் பல ஆண்டுகளில் விழுங்கி மூடிவிடுகிறது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த மரமானால், வெட்டுமுகத்தில் நீலமும் கறுப்பும் கலந்த கறை தெரிந்தாலே அருகில் இரும்பு இருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டையை விட்டுவிடலாம்.

கட்டுமானத்துக்காக அப்புறப்படுத்தும் இடத்தில் பருத்த அடிமரம் கிடைக்கும், ஆனால் தூக்குவதற்கு ஆள் வேண்டும். 30 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பச்சைத் துண்டமே ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். பழத்தோட்டத்தில் கிடைப்பது சிறிய, முறுக்கிய மரம். நிறமும் இழையோட்டமும் அருமை, வெடிப்பிலும் முதலிடம். அங்கே எடுப்பவர் கொதிக்க வைக்கும் வழிக்குத் தயாராக இருப்பது நல்லது. விறகுக் குவியல் கடைசித் தேர்வு. வெட்டிய நாள் யாருக்கும் தெரியாது, முனைகள் ஏற்கெனவே பிளந்திருக்கும். அதிலும் சோதிக்க ஒரு வழி உண்டு: முனையிலிருந்து ஐந்து செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து ஒரு மெல்லிய வட்டத் துண்டை அறுத்து, இரு கையாலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் துண்டு உடனே வாய் திறக்கும். துண்டு உடையாமல் வளையும் இடம் வரை வெட்டிக்கொண்டே போனால், மிஞ்சுவது கிண்ணத்துக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும்.

கிளையைவிட அடிமரம் நல்லது. சாய்ந்து வளர்ந்த மரத்திலும் கிளையிலும் நெட்டி நடுவில் இராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்; அத்தகைய மரம் நீளவாக்கிலும் சுருங்கி, கணக்குக்கு அடங்காமல் கோணும். கவை பிரியும் இடத்தில் இழையோட்டம் அழகாக இருப்பது உண்மைதான், ஆனால் அதை இருமுறை கடைசலுக்கு வைத்துக்கொண்டு, மெல்லிய கிண்ணத்துக்கு நேரான மரத்தையே எடுக்கலாம். அரளியும், யூ (yew) என்னும் ஊசியிலை மரமும் நஞ்சு. இலவசமாகக் கிடைத்தாலும் உணவுக் கிண்ணத்துக்கு வேண்டாம். பூஞ்சைக்கோடு ஓடிய பழைய கட்டை எடுப்பவர், கடையும்போது முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. கட்டையைத் தொலைவுக்குக் கொண்டுபோவதையும் தவிர்க்கலாம்: வட அமெரிக்காவில் 2002-இல் கண்டறியப்பட்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்த மரகத நிறத் துளைப்பான் வண்டு, விறகோடு விறகாகத்தான் பல இடங்களுக்குப் பயணம் செய்தது. விழுந்து கிடக்கிறது என்பதற்காக யாருடையதும் அல்ல என்று ஆகிவிடாது என்பதால், அனுமதி கேட்காமல் எடுக்கவே கூடாது.

எடுத்த அன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கட்டையை இயன்றவரை நீளமாகவே வைத்திருந்து, இரு முனையிலும் மெழுகுக் குழம்பைத் தடிக்கப் பூசி, தரையில் படாமல் நிழலில் வைக்க வேண்டும். சுவர்ப் பூச்சு வண்ணம் இதற்கு அரைகுறைதான். இரண்டு, மூன்று நாளுக்குள் நெட்டியை ஒட்டிப் பிளந்து, நடுவில் இரு பக்கமும் ஒரு செ.மீ. அளவுக்குக் கழித்துவிட வேண்டும். அதற்கு மேலும் தாமதமானால், பிளந்த பாதிகளை நீர்த்தொட்டியில் மூழ்க வைத்து, நீரை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்கள் தாங்கும்.

எத்தனை கட்டை என்பதில்தான் ஆசை தோற்கடிக்கிறது. ஒரு துண்டம் இரண்டு கிண்ணம். ஒரு முதற்கடைசலுக்கு, பழகாத கைக்கு, இரண்டு மணி நேரம். வெப்பமான பருவத்தில் மூன்று வாரத்துக்குள் பச்சை மரம் நிறம் மாறி முனையில் வெடிக்கத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு நாள், நான்கு மணி நேரம் மட்டும் லேத்தில் நிற்பவருக்கு, ஒரு தடவைக்கு இரண்டு துண்டங்களுக்கு மேல் எடுப்பது விறகு சேர்ப்பதுதான்.

எந்த வழி உங்கள் காற்றுக்கும் கைக்கும் பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால், ஒரே கட்டையின் இரு பாதிகளையும் வைத்துச் சோதியுங்கள். வேறு வேறு மரத்தில் செய்த ஒப்பீடு எதையும் நிரூபிப்பதில்லை. மரம் தானே மாறியிருக்கும். ஒரு பாதியைப் பத்தில் ஒரு பங்குச் சுவரோடு கடைந்து காகிதப் பையில் போடுங்கள். மறுபாதியை அதே அளவில் கடைந்து, கொதிக்க வைத்தோ மெழுகு பூசியோ, நீங்கள் சோதிக்க விரும்பும் வழியில் விடுங்கள். இரண்டின் அடியிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி, ஒரே அலமாரியில் அருகருகே வைத்து, வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். பேனா மை ஈரமரத்தில் ஊறிப் பரவிவிடும், பென்சிலே நிற்கும்.